கதவும் கவிதையும்

பதினான்கே அடிகள். எழுதப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எழுதிய அம்மையார் மறைந்தார். அவர் காலத்து அரசியல்வாதிகள் மறைந்தனர். அவர்கள் மேடையேறி முழங்கிய முழக்கமெல்லாம் காற்றோடு போயிற்று. அந்தப் பதினான்கு அடிகள் மட்டும் இன்றும் ஆளவந்தாரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன!

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே, அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆலோசகர் ஸ்டீபன் மில்லர், செய்தியாளர் நடுவே நின்று, அந்தப் பாட்டு சிலையோடு பிறந்ததன்று, பின்னாளிலே சேர்க்கப்பட்டது என்று வாதாடினார். 2019 ஆகஸ்டிலே, குடியேற்றத் துறையின் தற்காலிகத் தலைவராக இருந்த கென் குச்சினெல்லி இன்னும் ஒரு படி ஏறினார். வானொலிப் பேட்டியிலே பாட்டையே திருத்திச் சொன்னார்: சொந்தக் காலிலே நிற்கக்கூடியவரே வருக, அரசுக்குச் சுமையாக மாட்டாதவரே வருக என்று. அன்றே தொலைக்காட்சியிலே, அந்தப் பாட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தோரைக் குறித்தது என்று பொழிப்புரையும் தந்தார். மூலத்தை மறைக்க உரை எழுதியோரை நாம் நிரம்ப அறிவோம். நம் நாட்டிலே அந்தத் தொழிலுக்குப் பஞ்சமேது! ஆனால், பாட்டிடமே கடவுச்சீட்டைக் கேட்ட உரையாசிரியரை இப்போதுதான் காண்கிறோம்.

எம்மா லாசரஸ் அம்மையார் 1883-இல் எழுதிய 'புதிய கொலோசஸ்' என்னும் பாவினையே குறிப்பிடுகிறோம். நியூயார்க் துறைமுகத்திலே தீவட்டி ஏந்தி நிற்கும் சுதந்திரச் சிலையின் பீடத்துக்கெனப் பிறந்தது அது. குடியேற்றம் பற்றிய வாதம் எழும்போதெல்லாம் ஒரு சாரார் அதனைக் கொடியாகப் பிடிக்கின்றனர். மறுசாரார் அதனைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுகின்றனர். இரு சாராரும் அதனை முழுதாகப் படித்தார்களா என்பது நமது ஐயம். அதனைச் சரியாகப் படிக்க வேண்டுமானால், வேறு இரண்டினையும் அருகிலே வைத்துப் படித்திட வேண்டும். ஒன்று, பீடத்திலே பதித்தது. மற்றொன்று, ஏட்டிலே அச்சானது. மூன்றாவது, காவற்கூடத்துச் சுவரிலே கத்தி முனையாற் கீறப்பட்டது. முதலிரண்டினைப் பாடியோர் வீட்டுக்காரர்கள். மூன்றாவதைப் பாடியோர் வாயிலிலே நின்றவர்கள்.

லாசரஸ் அம்மையார் நியூயார்க் நகரத்துச் செல்வக் குடியிலே பிறந்த யூதர். 1881-க்குப் பின் ருசியப் பேரரசிலே யூதர்களை ஊர் ஊராக வேட்டையாடினர். உயிர் தப்பிக் கப்பலேறி வந்தோரை அவர் நேரிலே கண்டார், தொண்டாற்றினார். அந்தக் கண்ணீரைக் கண்ட கைதான் பாட்டை எழுதிற்று. சிலையைத் தந்தவர்கள் பிரஞ்சு மக்கள்; அதனை நிறுத்தப் பீடம் கட்ட அமெரிக்கரிடம் பணம் போதவில்லை! பணம் திரட்டக் கலைக்காட்சி நடத்தினர். அதற்காக எழுதித் தந்த பா அது. பண்டை ரோட்ஸ் தீவிலே நின்ற சூரியக் கடவுளின் வெண்கலச் சிலையை முதலிலே நினைவூட்டுகிறார். பிறகு அதற்கு நேர் எதிராக ஒரு பெண்ணை நிறுத்துகிறார். அவன் அச்சுறுத்த நின்றான், இவள் அழைக்க நிற்கிறாள். பழம்பெருமை பேசும் நாடுகள் தள்ளிவிட்ட ஏழைகளுக்கு இவள் விளக்குக் காட்டுகிறாள். செய்நேர்த்தியிலே குறை காண இடமில்லை. ஒரு செப்புச் சிலைக்கு, அதனைச் செய்தோரே எண்ணாத பொருளைப் பதினான்கு அடிகளிலே ஏற்றிவிட்டார். அது பெரிய வெற்றி.

ஆனால், வருகிறவன் அந்தப் பாட்டிலே பேசவேயில்லை! சிலை பேசுகிறது; அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் களைத்தவன், கந்தலுடுத்தவன், அலை கொணர்ந்து கரையிலே ஒதுக்கிய பொருள். அவன் கையிலே ஒரு தொழில் இருந்ததையோ, நெஞ்சிலே ஒரு கணக்கு இருந்ததையோ, பின்னே ஒரு மனைவியும் முதிய பெற்றோரும் இருந்ததையோ பாட்டு அறியாது. கருணை ததும்புகிறது, ஐயமில்லை. கருணைக்கு ஒரு இயல்பு உண்டு: கொடுப்பவனை மேடையிலும் பெறுபவனைத் தரையிலும் நிறுத்தி வைக்கும். தையலூசியும் சம்மட்டியும் ஏந்தி வந்து அந்த நாட்டை எழுப்பியவர்களை இரவலர் வரிசையிலே நிறுத்துவது நமக்கு உடன்பாடன்று.

பாட்டு எழுதப்பட்ட ஆண்டையும் மறந்திடக் கூடாது. 1883. அதற்கு முந்திய ஆண்டு மே 6-ஆம் நாள், சீனத் தொழிலாளர் நுழைவதைப் பத்தாண்டுகளுக்குத் தடுக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. கிழக்கு வாயிலிலே விளக்கு, மேற்கு வாயிலிலே பூட்டு! 1885-இல், பீடத்துக்கு நிதி தருமாறு சீனரையும் கேட்டனர். சாம் சாங் போ என்ற சீனர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: எல்லா நாட்டாருக்கும் விடுதலை விளக்குக் காட்டும் சிலை என்கிறீர்களே, அந்த விளக்கு எங்களுக்கும் எரிகிறதா, எங்களிடம் நன்கொடை கேட்பது எங்களை இழிவுபடுத்துவதன்றோ என்று. லாசரஸ் அம்மையாரின் பாவுக்கு எழுந்த விமர்சனங்களுள் தலைசிறந்தது அதுவே என்போம், அவர் பாவைக் குறிப்பிடவேயில்லை எனினும்.

1886 அக்டோபர் 28-இல் சிலைத் திறப்பு விழா. பெண்ணுருவிலே விடுதலை நின்றது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமை கேட்ட பெண்கள் வாடகைப் படகிலே ஏறி, சிலையைச் சுற்றி வந்து கண்டனம் முழங்கினர். விழாவிலே லாசரஸின் பாட்டைப் பாடுவார் இல்லை. அடுத்த ஆண்டே, 38-ஆம் வயதிலே அம்மையார் மறைந்தார். நண்பர் ஒருவர் முயன்று, 1903-இல்தான் அது வெண்கலத் தகட்டிலே பொறிக்கப்பெற்றுப் பீடத்தினுள் இடம் பெற்றது. ஆக, மில்லர் சொன்ன செய்தி உண்மைதான். உண்மையைச் சொல்லியே உண்மையை மறைக்கும் கலை அது. அழைத்தவர்கள் பின்னாளிலே மனமாறி அழைத்தார்கள் என்றால், அது அழைப்பாகாதா?

இனி இரண்டாவது பாட்டு. 1892 சனவரி முதல் நாள், நியூயார்க் துறைமுகத்திலே எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, 'அட்லாண்டிக் மன்த்லி' எனும் பெயர்பெற்ற ஏட்டிலே, அதன் முன்னாள் ஆசிரியர் தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச் 'காவலற்ற கதவுகள்' எனும் பாட்டினை வெளியிட்டார். வெண்ணிறத் தெய்வமென விடுதலையை விளித்து, உன் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டாயே என்று பதறுகிறார். வோல்கா நதிக்கரையான் வருகிறான், ஆசியாக்காரன் வருகிறான், அறியாத தெய்வங்களோடு வருகிறான், புரியாத மொழிகள் தெருவிலே ஒலிக்கின்றன என்று பட்டியலிடுகிறார். காட்டுமிராண்டிகள் நுழைந்ததால் ரோமாபுரி அழிந்ததை எடுத்துக்காட்டி முடிக்கிறார்.

ஓசையிலே கம்பீரம் உண்டு. சிந்தனையிலே? ரோமாபுரி அழிந்தது வந்தவனாலா? உழுதவனைக் கடனிலே ஆழ்த்தி, அடிமையின் முதுகிலே மாளிகை எழுப்பி, உள்ளேயே உளுத்துப்போன பேரரசுக்கு வெளியிலிருந்து வந்தவன்மேல் பழி! வரலாற்றிலே இதைவிடப் பழைய சூழ்ச்சி வேறில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆல்ட்ரிச்சின் பாட்டிலும் வருகிறவன் பேசுவதில்லை. அம்மையாரிடம் அவன் இரவலன். இவரிடம் அவன் கொள்ளைக்காரன். இரண்டிலும் அவன் கூட்டம், கும்பல், அலை. ஒருமையிலே ஒரு மனிதனாக அவன் எங்கும் வருவதில்லை. அழைக்கும் பாட்டும் விரட்டும் பாட்டும் இந்த ஓரிடத்திலே கைகுலுக்கிக்கொள்கின்றன.

1894-இல் பாஸ்டன் நகரிலே குடியேற்றக் கட்டுப்பாட்டுக் கழகம் தோன்றிற்று. ஆல்ட்ரிச் பாட்டிலே அஞ்சியது சட்டமாக 30 ஆண்டுகள் ஆயின. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், 1890-இல் எடுத்த மக்கட் கணக்கை அடிப்படையாக்கி, ஒவ்வொரு நாட்டாரிலும் அன்று அங்கிருந்தோர் தொகையிலே நூற்றுக்கு 2 என ஆண்டு அளவை விதித்தது. ஏன் 1890? இத்தாலியரும் யூதரும் பெருவாரியாக வந்திறங்குவதற்கு முந்திய கணக்கு அது. ஆசியருக்கோ கதவு அறவே அடைபட்டது.

வெண்ணிறத் தெய்வத்தை வணங்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கிலே நம் நாட்டவர் ஒருவரும் சிக்கினார். அதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. பகத்சிங் திந்த், பஞ்சாபிலே பிறந்து, முதல் உலகப் போரிலே அமெரிக்கப் படையிலே பணியாற்றியவர். வெள்ளையருக்கும், 1870 முதல் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை வழங்கிய நாடு அது. அவர் சார்பிலே வாதிட்டோர் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா, தோழர்களே? மனிதன் என்பதா? போர்வீரன் என்பதா? இல்லை. உயர்சாதி இந்து, ஆரியக் குருதி, ஆகவே வெள்ளையன்! இந்தியப் பழங்குடியை உயர்சாதியான் மணவுறவிலே எப்படி ஒதுக்குகிறானோ, அப்படித்தான் அமெரிக்கன் கறுப்பரை ஒதுக்குகிறான். ஆகவே நாங்கள் உங்கள் இனமே என்று வாதம் சென்றது! 1923 பிப்ரவரியிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று திங்களுக்கு முன், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார் என்று ஒரு சப்பானியரை விலக்கிய அதே நீதிபதி சதர்லண்டு, இப்போது, இனநூலார் எதுவும் சொல்லட்டும், பாமரன் கண்ணுக்கு யார் வெள்ளையனோ அவனே வெள்ளையன் என்றார். நீதியா அது? அநீதிதான். ஆனால், ஏணியின் உச்சிப்படியிலே இடம் கேட்டுச் சென்றவரை ஏணியே உதைத்துத் தள்ளிய காட்சி அது. ஏணி எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

அத்தீர்ப்பினால் முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. மனைவி மக்களோடு 1915-இல் சான் பிரான்சிஸ்கோ வந்து கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய், நாடற்றவராகி, 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். தம் முடிவுக்கான காரணத்தை ஏட்டுக்கு எழுதி வைத்துவிட்டு. பஞ்சாபிலிருந்து கலிபோர்னியா சென்ற உழவர்கள் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர இயலாமல், மெக்சிகோப் பெண்களை மணந்து புதுக் குடும்பங்கள் அமைத்தனர். இங்கே ஊரிலே காத்திருந்தவளின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சரி, ஆல்ட்ரிச்சின் அச்சத்தை இனவெறி என்று ஒதுக்கிவிட்டால், தொழிலாளியின் அச்சத்தையும் அப்படியே ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1870-இல் மாசசூசெட்சு மாநிலத்து நார்த் ஆடம்ஸ் ஊரிலே செருப்புத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். முதலாளி என்ன செய்தார்? கலிபோர்னியாவிலிருந்து 75 சீனரை வரவழைத்து இயந்திரங்களின் முன் உட்காரவைத்தார். வேலை இழந்தவன் யாரைப் பார்த்தான்? முதலாளி மாளிகைக்குள் இருந்தார். சீனன் கண் முன்னே இருந்தான். கண் முன்னே இருந்தவன் மேல் கல் விழுந்தது.

ஆனால் சீனன் அடங்கிக் கிடந்தவனா? சியரா நெவாடா மலையிலே, கருங்கல்லைக் குடைந்து மத்திய பசிபிக் இருப்புப்பாதையை இட்டவர்களிலே பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் சீனர். 1867 சூன் திங்களிலே அவர்கள் ஆயிரக்கணக்கிலே கருவியைக் கீழே வைத்தனர். வெள்ளைத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டனர், வேலை நேரம் குறையுங்கள் என்றனர். கம்பெனியார் உணவுப் பொருள்களை நிறுத்தினர். ஒரே வாரத்திலே பசி வென்றது. 1869 மே 10-இல் பாதை முடிந்து, பொன்னாணி அடித்து விழாக் கொண்டாடினர். 1873-இல் பொருளாதார நெருக்கடி. வேலையில்லாத் திண்டாட்டம். 1877-இல் டெனிஸ் கியர்னி சான் பிரான்சிஸ்கோ மேடைகளிலே சீனனை விரட்டு என்றார். விரட்டினர். விரட்டியதால் வெள்ளைத் தொழிலாளி வாழ்ந்தானா? 2024-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சிலர் வெளியிட்ட ஆய்வு, மேற்கு மாநிலங்களிலே அச்சட்டத்துக்குப் பின் வெள்ளைத் தொழிலாளரின் வருவாயும் குறைந்தது, தொழில் வளர்ச்சியும் தேய்ந்தது என்கிறது.

ஒரே ஆய்வைக் கொண்டு தீர்ப்பெழுதுவது பகுத்தறிவாகாது. 1980-இல் கியூபாவின் மரியல் துறையிலிருந்து 1,25,000 பேர் புளோரிடாவிலே வந்திறங்கினர். மியாமி நகரத்துத் தொழிலாளர் தொகை திடீரென நூற்றுக்கு 7 உயர்ந்தது. உள்ளூரார் கூலி ஏறத்தாழப் பாதிக்கப்படவில்லை என 1990-இல் டேவிட் கார்டு கண்டார். உயர்பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி சரிந்தது என்று 2017-இல் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கெடுப்பின் கூறு மாறியதே அந்தச் சரிவுக்குக் காரணம் என்று வேறு சிலர் அவரை மறுத்தனர். போர்ஹாசும் கியூபாவிலிருந்து சிறுவனாகப் புகலடைந்தவர் என்பது இந்த வாதத்தின் சுவையான கூறு. 2016-இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் வெளியிட்ட பேரறிக்கையோ, நீண்ட காலத்திலே உள்ளூரார் கூலியின் மேல் விளைவு மிகச் சிறிதே என்கிறது. முதல் தலைமுறையால் மாநில, உள்ளூர் அரசுகளுக்குச் செலவு உண்டு, அவர்களின் பிள்ளைகளோ நாட்டுக்கு மிகுதியாக வரி தருவோருள் முன்நிற்கிறார்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

பிள்ளைகள்! இந்த இடத்திலேதான் நாம் சற்று நின்றிட வேண்டும். பொருளாதாரம் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து வாதாடுகிறார்களே, அதுதான் பிழை. இரண்டும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும். குடும்பமில்லாத தொழிலாளி மலிவான தொழிலாளி. அவனை வளர்த்த செலவு அவன் ஊரைச் சேர்ந்தது; அவன் பிள்ளைக்குப் பள்ளி கட்ட வேண்டுவதில்லை; அவன் மனைவியின் பேறுகாலத்துக்கு மருத்துவமனை வேண்டுவதில்லை; முதுமையிலே அவன் தன் ஊர்போய்ச் சாவான். பத்துப் பேரை ஒரே கொட்டகையிலே கிடத்தலாம். அவன் கூலியை உயர்த்து என்று அதட்டமாட்டான், அதட்டினால் கப்பலேற்றலாம். ஆகவே, கைகளை மட்டும் இறக்குமதி செய்து, கைகளுக்குரியவனின் குடும்பத்தைத் துறைமுகத்திலே தடுத்து நிறுத்தும் சட்டம், தவறுதலாகப் பிறந்ததன்று. 1875-இலேயே, ஒழுக்கம் காப்பதாகச் சொல்லிப் பேஜ் சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. 1890-இன் கணக்கு: அமெரிக்காவிலே சீன ஆண்கள் 1,03,620, சீனப் பெண்கள் 3,868. 27 ஆணுக்கு ஒரு பெண்! பிறகு அதே நாட்டார் விரலை நீட்டி, இந்தச் சீனர் குடும்பம் அமைக்காதவர், வேரூன்றாதவர், நம்மோடு கலவாதவர் என்றனர். வேரை வெட்டியவனே மரம் தழைக்கவில்லை என்று குறை சொன்னான்.

இப்போது மூன்றாவது பாட்டுக்கு வருவோம். உண்மையிலே அது ஒரு பாட்டன்று, இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலே ஏஞ்சல் தீவு என்றொரு தீவு. தேவதைத் தீவு என்று பொருள்! 1910 முதல் 1940 வரை, மேற்கிலே வந்திறங்கிய சீனரை அங்கேதான் அடைத்து வைத்து விசாரித்தனர். 1906-இல் நேர்ந்த நிலநடுக்கத்தையொட்டி எழுந்த தீ, நகராண்மை ஆவணங்களை எரித்துவிட்டது. அதனைப் பயன்படுத்தி, நாங்கள் இங்கே பிறந்தோம், ஊரிலே எமக்குப் பிள்ளைகள் உண்டு என்று பலர் பதிவு செய்தனர். அந்தப் பதிவின் பேரிலே வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தனர். 'காகிதப் பிள்ளைகள்' என்று அவர்களை அழைத்தனர். அடைத்த கதவிலே கண்டெடுத்த இடுக்கு அது. பொய்தான். பிள்ளையை அழைத்துவரப் பொய்யைத் தவிர வேறு வழி வைக்காத சட்டத்தை என்னென்பது?

பொய்யைப் பிடிக்க அதிகாரிகள் என்ன கேட்டனர்? உன் வீட்டுக்கு எத்தனை படிக்கட்டு? அரிசிப் பானை எங்கே இருக்கும்? உன் தெருவிலே எத்தனை வீடு? மூன்றாவது வீட்டிலே யார்? மகனின் விடையும் தந்தையின் விடையும் பொருந்தாவிடில் வந்த வழியே கப்பல். உண்மையான மகனே தடுமாறுவான்! வகுப்பறையிலே அன்றாடம் வினாக்கள் தொடுக்கும் நம்மைப் போன்ற ஆசிரியருக்குத் தெரியும், தன் வீட்டுப் படிகளை எண்ணிப் பார்த்த பிள்ளை எத்தனை பேர் என்று. மனப்பாடம் செய்ய ஏடுகள் இருந்தன; கரை நெருங்கும் முன் அவற்றைக் கடலிலே எறிந்தனர். விசாரணைக்காக நாட்கணக்கிலே காத்திருந்தோர் உண்டு, திங்கட்கணக்கிலே காத்திருந்தோர் உண்டு, ஓராண்டைத் தாண்டியோரும் உண்டு.

காத்திருந்தவர்கள் சுவரிலே எழுதினர். பெரும்பாலோர் சீனத்தின் தென்பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்தோர், பெரும்புலவர் அல்லர். எனினும், அடிக்கு ஐந்தெழுத்து, ஏழெழுத்து என்று தம் முன்னோரின் யாப்பை விடாது பிடித்துக்கொண்டனர். காவலர் சுவருக்கு வண்ணம் பூசி மறைத்தனர். ஆகவே இவர்கள் மரத்தைக் கீறிச் செதுக்கினர். பொருள் என்ன? பயணத்துக்கு வாங்கிய கடன். மனைவியின் தனிமை. முதிய தாய் தந்தையர். வலிமையற்ற தாய்நாட்டைப் பற்றிய வெட்கம். பூச்சிகள் இரையும் இரவு. பழி வாங்குவோம் என்ற சினமும் சிலவற்றிலே உண்டு. அது அழகாக இல்லை, அதைப் பூசி மெழுகவும் வேண்டியதில்லை. கலைநயத்திலே லாசரஸின் பாவுக்கு அவை ஈடாகா என்பார் உளர். பலவற்றிலே ஒரே உவமை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் ஒன்று: கடனும் மனைவியும் ஒரே நாலடியிலே வருகின்றன. பேராசிரியர்களும் அமைச்சர்களும் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்ததை, எழுதப்படிக்க ஓரளவே கற்ற அந்த உழவன் பிரிக்கவில்லை. அவனுக்கு அது ஒன்று. விமர்சனம் என்ற பெயரிலே நாம் சொல்ல வந்ததும் இதுவே: வாதத்திலே எவரும் காணாததைச் சுவர் கண்டிருக்கிறது. பெயர் எழுதியவர் சிலரே. அச்சம்.

1970-இல் அந்தக் கட்டடத்தை இடிக்க இருந்தனர். அலெக்சாந்தர் வைஸ் என்ற பூங்காக் காவலர் கைவிளக்கோடு உள்ளே சென்றவர், சுவரெல்லாம் எழுத்தாக இருப்பதைக் கண்டார். சீன மரபினர் கிளர்ந்தெழுந்து கட்டடத்தைக் காத்தனர். ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யுங் மூவரும் பாடல்களைத் திரட்டி மொழிபெயர்த்து 1980-இல் நூலாக்கினர்.

கைகள் வேண்டும், குடும்பம் வேண்டாம் என்ற கணக்கு அத்தோடு முடிந்ததா? 1942 முதல் 1964 வரை, பிரசேரோ திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து உழவுத் தொழிலாளரைத் தருவித்தனர். ஒப்பந்தங்கள் 46 இலட்சம். அனைவரும் ஆண்கள். ஊர் திரும்பினால் தருவோம் என்று தொடக்க ஆண்டுகளிலே கூலியிலே பத்திலொரு பங்கைப் பிடித்து வைத்தனர். பலர் கைக்கு அது வந்து சேரவேயில்லை. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி உயரும் என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தினர். உயர்ந்ததா? கூலி உயரவில்லை, பண்ணையார்கள் தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினர் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

1965 அக்டோபர் 3. லிண்டன் ஜான்சன், அதே சுதந்திரச் சிலையின் காலடியிலே அமர்ந்து, 1924-இன் நாட்டளவு முறையை ஒழித்த சட்டத்திலே கையொப்பமிட்டார். இனி, அங்கிருப்போரின் உறவினருக்கே முதலிடம். இதிலே ஒரு விந்தை உண்டு. உறவினருக்கு முதலிடம் என்று வற்புறுத்தியவர்களுள் ஒருவர், ஒகாயோவின் மைக்கேல் பீகன். அங்கே இருப்போர் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆகவே உறவினரும் ஐரோப்பியராகவே இருப்பர் என்பது கட்டுப்பாட்டை விரும்பியோர் போட்ட கணக்கு. குடும்பத்தைப் பூட்டாகப் பயன்படுத்த எண்ணினர். அது திறவுகோலாயிற்று! ஆசியரும் இலத்தீன் அமெரிக்கரும் அண்ணனை, அக்காளை, பெற்றோரை அழைத்துக்கொண்டனர். இன்று அதனையே 'சங்கிலிக் குடியேற்றம்' என்று பழிக்கின்றனர். தம்பியை அழைப்பது சங்கிலியாம்!

2018-இன் வசந்தத்திலே மெக்சிகோ எல்லையிலே நடந்ததை உலகம் கண்டது. பெற்றோரைக் குற்றவாளிகளாக்கிச் சிறையிலே தள்ளி, பிள்ளைகளைத் தனியே காப்பகங்களுக்கு அனுப்பினர். 2017 முதல் கணக்கிட்டால் 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். சூன் 20-இல் அரசு பின்வாங்கியது. நீதிமன்றம் சேர்த்துவை என்று ஆணையிட்டது. சேர்க்கப் போனால், எந்தப் பிள்ளை எவருடையது என்பதற்குச் சரியான பதிவேடு அரசிடமே இல்லை! அரிசிப் பானை எங்கே என்று கேட்டு மகனை நிறுவச் சொன்ன நாடு இது.

நம் ஊர் இளைஞர்கள் கணிப்பொறிப் பணிக்காக எச்-1பி அனுமதியிலே செல்கிறார்கள். ஏஞ்சல் தீவின் மரக்கட்டிலும் அவர்களின் மாடிவீடும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது பிதற்றல். எனினும், அதே கணக்கின் மெல்லிய சாயல் அங்கும் உண்டு. நிரந்தரக் குடியிருப்புக்கான வரிசையிலே எந்த ஒரு நாட்டாருக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் இல்லை என்ற வரம்பினால் இந்தியர் ஆண்டுக்கணக்கிலே காத்து நிற்கின்றனர். உடன் சென்ற மனைவி, கற்றவளாயினும், 2015 வரை வேலை பார்க்கக் கூடாது. அதற்குப் பின்னும் சிலருக்கே அனுமதி. உடன் சென்ற பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிட்டால், பெற்றோரின் வரிசையிலே அவனுக்கு இடமில்லை. கையை வரவேற்றவர்கள் கைப்பிடித்தவளை யோசிக்கவில்லை.

ஆல்ட்ரிச்சைப் படித்துச் சினங்கொள்வது நமக்கு எளிது. அவர் நம்மையும் சேர்த்தே திட்டுகிறார். ஆனால், திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் சென்னையின் கட்டடச் சாரங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு உழைப்பாளி நிற்கிறானே, அவனைப் பற்றித் தேநீர்க் கடையிலே பேசும்போது நம் வாயிலே வருவது யாருடைய பாட்டு? அவன் அயல்நாட்டவன் அல்லன். சட்டம் அவனைத் தடுக்கவில்லை. இருந்தும், புரியாத மொழி, பெருகும் கூட்டம், பறிபோகும் வேலை என்ற அதே பட்டியல், அதே வரிசையிலே! 2023 மார்ச்சிலே, அவர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய்ப்படங்கள் பரவின. பீதியிலே பலர் ஊர் திரும்பினர். தமிழ்நாடு காவல்துறை பொய்யென நிறுவியது, வழக்கும் தொடுத்தது. நன்று. ஆனால், அவன் ஏன் குறைந்த கூலிக்கு இணங்குகிறான், அவன் மனைவி எங்கே, அவன் பிள்ளை எந்தப் பள்ளியிலே என்று எத்தனை கூட்டங்களிலே கேட்டிருக்கிறோம்? கூலி பற்றிக் கவலைப்படும் தோழர்கள், அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று போராடட்டும். அவனை நம் சங்கத்திலே சேர்க்கட்டும். முதலாளியின் கணக்கு அப்போதுதான் இடறும்.

ஒரு வேண்டுகோள். லாசரஸ் அம்மையாரின் பாட்டைத் தமிழிலே தருவோர் பலர் வரக்கூடும், அது புகழ்பெற்றது. ஏஞ்சல் தீவுச் சுவர்ப்பாடல்களைச் சீன மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழிலே தந்திட இளைஞர் எவரேனும் முன்வர வேண்டும். 1931, 1932 ஆண்டுகளிலே அங்கே அடைபட்டிருந்த இருவர் தத்தம் குறிப்பேட்டிலே படியெடுத்து வைத்ததால், சுவரிலே அழிந்த சிலவும் பிழைத்துள்ளன. ஆனால் கிடைத்தவை யாவும் ஆண்களின் பகுதியிலிருந்து கிடைத்தவை. பெண்களை வேறொரு கட்டடத்திலே அடைத்திருந்தனர். 1940 ஆகஸ்டிலே அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது.